ட்ரீம்காஸ்ட்டில் மறுபடியும் மீன் பிடிக்க

சேகா பாஸ் ஃபிஷிங் என்ற மீன்பிடி விளையாட்டை மறுபடி ஆடலாம் என்று, பல வருடம் அலமாரியில் கிடந்த ட்ரீம்காஸ்ட் என்கிற சேகாவின் வீடியோ கேம் கன்சோலை எடுத்து ஸ்விட்சைப் போட்டால், அது முதலில் கேட்பது தேதியைத்தான். திரையில் 27 நவம்பர் 1998 என்று காட்டும். அது ஜப்பானில் இந்தக் கன்சோல் விற்பனைக்கு வந்த நாள். உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் பேட்டரி செத்துவிட்டது, அவ்வளவுதான். தேதியைச் சரிசெய்துவிட்டு மேலே போகலாம்.

அடுத்து விஎம்யூ என்கிற மெமரி கார்டு 'பீப்' என்று நீளமாகக் கத்தும். எனக்கு நெஞ்சு திக்கென்றது, பழைய சேமிப்பெல்லாம் போச்சு என்று. போகவில்லை. சேமிப்பு இருப்பது ஃபிளாஷ் மெமரியில். அதற்குப் பேட்டரி தேவையில்லை. கத்தல் பிடிக்கவில்லை என்றால் இரண்டு சிஆர்2032 பேட்டரிகளை மாற்றுங்கள்.

டிவி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய மஞ்சள் கேபிளைப் புது டிவியில் செருகினால் தண்ணீருக்கடியில் எல்லாம் கலங்கலாகத் தெரியும். விஜிஏ அடாப்டர் (கம்ப்யூட்டர் மானிட்டர் வகை இணைப்பு) இருந்தால் 480பி என்கிற தெளிவான படம் வரும், மீனின் செதில்கூடத் தெளிவாகத் தெரியும். டிவியில் கேம் மோடையும் போட்டுவிடுங்கள். படம் தாமதமாக வந்தால் மீன் கடித்தது உங்களுக்குத் தெரிவதற்குள் அது போய்விடும்.

சரி, விளையாட்டின் டிஸ்க் உள்ளே போகட்டும். சேகா பாஸ் ஃபிஷிங் என்பது பாஸ் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கும் விளையாட்டு. ஜப்பானில் இதன் பெயர் கெட் பாஸ். 1997இல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடத்தில்) வந்து, 1999இல் ட்ரீம்காஸ்ட்டுக்கு வந்தது. இதற்கென்றே கைப்பிடியும் சுற்றும் ரீலுமாக ஒரு மீன்பிடி கன்ட்ரோலர் உண்டு. கையை அசைத்தால் திரையில் ராட் (தூண்டில் கோல்) அசையும், மீன் இழுத்தால் கை அதிரும். அது கிடைக்காவிட்டால் சாதாரண கன்ட்ரோலரே போதும், ஆனால் பாதி சுகம் போய்விடும்.

ஆர்கேட் முறையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் குறிப்பிட்ட எடைக்கு மீன் பிடிக்க வேண்டும். நேரம் ஓடுகிறதே என்று கை பரபரக்கும். அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். லூர் என்கிற போலி இரை தண்ணீரில் விழுந்ததும் கேமரா அதன் கூடவே உள்ளே போகும். உடனே சுற்றாதீர்கள். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம், ராடை லேசாக ஒரு வெட்டு, மறுபடி நிறுத்தம். அடிபட்ட சின்ன மீன் எப்படித் தத்தளிக்குமோ அப்படி லூர் போக வேண்டும். கிராங்க்பெயிட் என்கிற வகை லூரைச் சுற்றினால் ஆழத்துக்கு இறங்கும், விட்டால் மேலே மிதந்து வரும்; இந்த ஏற்ற இறக்கமே மீனைக் கூப்பிடும். பாப்பர் என்கிற இன்னொரு வகை தண்ணீரின் மேலேயே இருக்கும், அதை வெடுக்கென்று இழுத்தால்தான் வேலை செய்யும். ஒரு பாஸ் பின்னாலேயே வந்து முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால், லூரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கடித்ததும் ராடை ஒரு இழு. அப்புறம் கண் மீன்மேல் இருக்கக் கூடாது, தூண்டில் நரம்பின் இழுவிசையைக் காட்டும் பட்டையில் இருக்க வேண்டும். அது சிவப்பாகும்போது ரீலிலிருந்து கையை எடுத்துவிடுங்கள், தணிந்ததும் சுற்றுங்கள். சின்ன வயதில் நான் கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலச் சுற்றி நரம்பை அறுத்துக்கொண்டே இருப்பேன். என் தங்கை இரண்டு விரலால் நிதானமாகச் சுற்றி, என்னுடையதைவிடப் பெரிய மீன்களாகத் தூக்குவாள். பொறுமையில்லாத எனக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அவள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன்.

ஒரே நேரத்தில் ரொம்ப விளையாடினால் மணிக்கட்டு நிச்சயம் வலிக்கும், நடுவில் கொஞ்சம் விடுங்கள். வேறு விளையாட்டுக்கு மாறும்போது மீன்பிடி கன்ட்ரோலரைக் கழற்றிவிடுங்கள். சோல் கேலிபர் என்கிற வாள் சண்டை விளையாட்டு என்றால் மட்டும் அப்படியே இருக்கட்டும்: ராடை வீசினால் அங்கே வாள் வீசும்.