பழைய ரயில் தடத்தில் மிதிவண்டிப் பயணம்: கிரேட் அலகேனி பாதைக்குச் செல்வோருக்கு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரையும் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்தையும் இணைக்கும் கிரேட் அலகேனி பாதை, கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மீது அமைக்கப்பட்டு 2013-இல் முழுமை பெற்றது. மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லாத இந்த 241 கிலோமீட்டரையும் மிதிவண்டியில் கடக்க விரும்புவோர், எந்த முனையில் தொடங்குவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பாதையின் உச்சி 729 மீட்டர் உயரத்தில், கம்பர்லாந்திலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. கம்பர்லாந்திலிருந்து புறப்பட்டால் 500 மீட்டருக்கும் மேலான ஏற்றத்தை முதல் நாளிலேயே ஏறித் தீர்க்க வேண்டும். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தாலோ, ஏறக்குறைய அதே ஏற்றம் 200 கிலோமீட்டருக்குப் பரவிவிடுவதால் ஏறுகிறோம் என்பதே பெரும்பாலும் தெரியாது. ஆகவே முதன்முறை செல்வோர் பிட்ஸ்பர்க்கில் தொடங்குவதே நல்லது என்பேன்.

செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது என்பதால்தான் அன்று மலையை வெட்டியும் பள்ளத்தை மேடாக்கியும் தடம் போட்டார்கள். அந்த உழைப்பின் பலனை இன்று நம் கால்கள் அனுபவிக்கின்றன. ஆனால் சாலையைப் போல அவ்வப்போது சரிவு வந்து கால்களுக்கு ஓய்வு தராது. இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இருப்பதால் இடுப்பும் உள்ளங்கைகளும் மரத்துப்போகும். களைப்புத் தெரியாவிட்டாலும் மணிக்கொரு முறை இறங்கிச் சற்று நடங்கள்.

பாதையில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் துகள்கள் பரப்பப்பட்டிருக்கின்றன. மழை பெய்தால் அவை சாந்து போலக் குழைந்து சங்கிலியில் அப்பிக்கொள்ளும் என்பதால், சற்று அகலமான டயரும் மட்கார்டும் சங்கிலிக்கு எண்ணெயும் அவசியம்.

உச்சியைத் தாண்டியதும் வரும் பிக் சாவேஜ் சுரங்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ளது. உள்ளே விளக்குகள் உண்டென்றாலும் குளிர் உறைக்கும், கூரையிலிருந்து நீரும் சொட்டும். மேற்சட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் இதை மூடிவிடுவதால், திறந்திருக்கும் மாதங்களை உறுதி செய்த பிறகே பயணத் தேதியைக் குறியுங்கள்.

அதன்பின் கம்பர்லாந்து வரை இறக்கம்தான். துகள்களின் மீது முன்பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் சறுக்கிவிடும். வழியிலுள்ள பிராஸ்ட்பர்க் என்ற ஊரைக் கடந்தபின் சுற்றுலா ரயிலொன்றின் தண்டவாளம் அருகிலேயே ஓடுகிறது. பிரஷ் சுரங்கத்தை ரயிலும் மிதிவண்டிகளும் பகிர்ந்துகொள்வதால், ரயில் வரும் ஓசை கேட்டால் அது கடந்து செல்லும்வரை வெளியிலேயே நின்றுவிடுங்கள்.