அப்காரி வழக்கில் புது வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு, சித்தூர் கோர்ட்டுகளில் அப்காரி வழக்கு, அதாவது கேரள மதுச் சட்ட வழக்கு நடத்தும் ஜூனியர்களைப் பார்க்கிறேன். நாங்கள் அந்த வயதில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். வாய்தா மறப்பது, வக்காலத்தில் கையெழுத்து விடுபடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்று லிட்டர் வாதம்

கேரளத்தில் ஒருவர் 3 லிட்டர் வரை பிராந்தி, விஸ்கி வைத்திருக்கலாம், சரிதான். ஆனால் அது கேரளத்தில் வரி கட்டி விற்ற சரக்குக்கு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பையில் வந்த டாஸ்மாக் பாட்டிலுக்கு அந்தக் கணக்கு உதவாது. லேபிள் விவரம் மஹசரில் (பிடித்த இடத்தில் எழுதும் பறிமுதல் குறிப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒப்புக்கொள்ளச் சொல்வது

பொள்ளாச்சிப் பக்கத்துக் கட்சிக்காரர், "ஃபைன் கட்டிட்டுப் போயிரலாமுங்களா சார்?" என்பார். தலையாட்டிவிடாதீர்கள். அப்காரி சட்டம் 55(ஏ) பிரிவில் தண்டனை 10 ஆண்டு வரை, அபராதம் குறைந்தது 1 லட்சம்.

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். அப்காரி வழக்கின் உயிர் சாம்பிளில் இருக்கிறது. ரோட்டில் பிடித்த அதே சரக்குதான் லேபுக்குப் போனது என்று பிராசிக்யூஷன் காட்டியாக வேண்டும். சாம்பிள் பாட்டிலில் ஆபீசர் வைத்த சீல் எது என்று மஹசரில் இருக்க வேண்டும். அதே சீலின் பதிவு, சாம்பிளை லேபுக்கு அனுப்பக் கேட்டு கோர்ட்டில் கொடுக்கும் ஃபார்வர்டிங் நோட்டிலும் இருக்க வேண்டும், அப்போதுதான் லேபில் ஒப்பிட முடியும். அந்த நோட்டை சாட்சியத்தில் ஆவணமாகக் குறியீடு செய்யாமல் விட்டதற்காகவும், அதில் சீல் பதிவு இல்லாததற்காகவும் கேரள ஹைகோர்ட் எத்தனையோ தண்டனைகளை ரத்து செய்திருக்கிறது.

ஒரு செஷன்ஸ் வழக்கில் பிராசிக்யூஷன் அந்த நோட்டை மறந்தேபோயிருந்தது. கட்சிக்காரர் கொழிஞ்சாம்பாறைக்குத் தேங்காய் போட வந்த ஆள். ஜூனியர் எழுந்து ஆபீசரிடம், "ஃபார்வர்டிங் நோட் தயார் பண்ணினீர்களா? அது ஏன் கோர்ட்டில் இல்லை?" என்று உரக்கக் கேட்டார். பிராசிக்யூட்டர் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். அடுத்த வாய்தாவில் சாட்சியை மறுபடி அழைக்கும் 311 மனு (புதுச் சட்டத்தில் 348), ஆபீசர் மறுபடியும் கூண்டில், நோட் கையில், அதில் சீல் பதிவு பளிச்சென்று. விடுதலையாகி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனிதருக்குத் தண்டனை.

எதிர்த்தரப்பு விட்ட ஓட்டையை அடைத்துக் கொடுப்பது நம் வேலை இல்லை. ஆவணப் பட்டியலை முந்தின நாளே உட்கார்ந்து படியுங்கள், எது இல்லையோ அதை மனசுக்குள் வைத்திருந்து வாதத்தில் சொல்லுங்கள். அப்போதும் அவர்கள் மனுப் போடலாம்; ஆனால் ஓட்டையை அடைக்கத்தான் வருகிறார்கள் என்று எதிர்க்க நமக்கு இடம் இருக்கும். குறுக்கு விசாரணையில் கேட்பதானால் ஆவணத்தில் பதிந்துவிட்டதை மட்டும் கேளுங்கள்: பிடித்த தேதி, தொண்டி (பிடித்த பொருள்) கோர்ட்டுக்கு வந்த தேதி. ஏன் தாமதம் என்று கேட்டுவிடாதீர்கள், அவர் ஒரு காரணம் சொல்லிவிடுவார், அப்புறம் அதை அழிக்க முடியாது.

வெளிச் சாட்சி பிறழ்ந்தால் ஜெயித்தாச்சு என்று இருப்பது

இல்லை. ஆபீசர் சாட்சியத்தை மட்டும் நம்பியும் தண்டிக்கலாம்.

வண்டியை மறப்பது

பறிமுதல் நடவடிக்கை 67பி பிரிவில் எக்சைஸ் அதிகாரி முன்னால் தனியாக நடக்கும். கேஸ் முடியட்டும் என்று காத்திருந்தால் பைக் போய்விடும். ஆர்சி அண்ணன் பேரில் இருந்தால், தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன் என்று அண்ணன்தான் நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டும், அதுவும் கெடு தேதிக்குள்.