சிக்னல் அல்ல, கேத்தல்தான் காரணம்

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் ஹட்டன் வீட்டிலிருந்தே எனக்கு வேலை. ஸூம் கூட்டத்தின் நடுவில் இணைப்பு அறுந்துவிடும். சில நிமிடம் கழித்துத் தானாக வரும். மகனின் வகுப்பும் அதோடு போய்விடும்.

மூடுபனியால் சிக்னல் குறைகிறதோ என்று ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தேன். அப்புறம் சிம்மை மாற்றினேன். மகனின் வகுப்பை ஒருநாள் நிறுத்தியும் பார்த்தேன், பாவம். ஒன்றும் சரிவரவில்லை.

ஒருமுறை அறுந்தபோது ரவுட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் விளக்கோடு பவர் விளக்கும் அணைந்து எரிந்தது. அப்படியென்றால் கோளாறு கரண்டில். அறுந்த நேரமெல்லாம் மாமி தேத்தண்ணிக்குக் கேத்தல் போடும் நேரம். கேத்தலும் ரவுட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். கேத்தல் பிளக்கை வயரிலிருந்து கழற்றித் தொட்டால் ஒரு பின் மட்டும் நன்றாகச் சுட்டது. அது போகும் துளைக்குள், ரவுட்டருக்கும் கரண்ட் கொண்டுபோகும் தகடு தளர்ந்து கருகியிருந்தது. நெருப்புப் பிடிக்காமல் விட்டதே பெரிது.

அந்த வயரை வீசிவிட்டு, கேத்தலைக் குசினிச் சுவர் பிளக்கிலும் ரவுட்டரைத் தனிப் பிளக்கிலும் மாட்டினோம். அதன்பிறகு தேத்தண்ணி நேரத்திலும் கூட்டம் அறுபடவில்லை. அப்பாடா! உங்களுக்கும் இப்படி நடந்தால், சிம்மை மாற்றுவதற்கு முன் பவர் விளக்கைப் பாருங்கள்.