லாராவெலில் பக்கம் பிரித்த பட்டியலோடு கூடுதல் தகவல் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎச்பி மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான லாராவெலில் ஒரு பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அனுப்புவது எளிது. பேஜினேட் என்ற ஒரே அழைப்பில் வேலை முடிந்துவிடும். அந்தப் பட்டியலோடு மொத்த நிலுவை, தேதி வரம்பு என்று நம்முடைய தகவல் எதையாவது சேர்க்கச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் நிரலைச் சரிபார்க்க உட்காரும்போதெல்லாம், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் எழுதிய அதே வரிகள் திரும்பவும் கண்ணில் படுகின்றன. எழுத்துப் பிழை, விடுபட்ட இம்போர்ட் ஆகியவற்றை எடிட்டரே காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை மொத்தம் என்று அனுப்புவது

பேஜினேட் தரும் பொருளின் (பேஜினேட்டர்) மீது நேரடியாகக் கூட்டுத்தொகை காணும் 'சம்' மெத்தடை அழைத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. நம்பத் தகுந்த ஓர் எண்ணே வரும். அந்தப் பொருள் தன்னிடம் இல்லாத மெத்தடுகளைத் தனக்குள் இருக்கும் கலெக்ஷனிடம், அதாவது வரிசைகளின் தொகுப்பிடம், தள்ளிவிடுகிறது. கலெக்ஷனில் இருப்பவையோ அந்த ஒரு பக்கத்தின் வரிசைகள் மட்டுமே. நாம் எண்ணிக்கை எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 15 வரிசைகள் என்பது லாராவெலின் இயல்பு. தன் கணினியில் பத்து பில்களை வைத்துச் சோதிப்பவருக்குத் தொகை சரியாகவே வரும் என்பதால், அந்த நிரல் எந்தத் தடையும் இல்லாமல் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். கடன் வரம்பைத் தாண்டிவிட்ட ஒரு கடையின் பில்களைத் திறந்த கணக்காளர், முதல் பக்கத்தின் மேலே இருந்த 'மொத்த நிலுவை'யை நம்பி, அந்தக் கடைக்கு மேலும் சரக்கு அனுப்ப ஒப்புதல் கொடுத்துவிட்டார். அடுத்த பக்கத்துக்குப் போனபோது அந்த மொத்தமே வேறு தொகையாக மாறியதைக் கண்ட பிறகுதான் விஷயம் எங்களிடம் வந்தது.

அதைத் திருத்தியவர் செய்ததும் இன்னொரு தவறுதான். கலெக்ஷனை விட்டுவிட்டு, பேஜினேட் செய்து முடித்த அதே குவெரியின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) மீது 'சம்' அழைத்தார். முதல் பக்கத்தில் சரியான மொத்தம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் பூஜ்யம் வந்தது. எத்தனை வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் லிமிட், தொடக்கத்தில் எத்தனை வரிசைகளைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் ஆஃப்செட் இரண்டையும் பேஜினேட் அந்தக் குவெரியிலேயே எழுதி வைத்துவிடுகிறது. கூட்டுத்தொகை கேட்கும் குவெரிக்கு விடையாக வருவது ஒரே ஒரு வரிசை. ஆஃப்செட் 15 என்று இருந்தால் அந்த ஒரு வரிசையும் தாண்டப்பட்டு, விடையே இல்லாமல் போகிறது. அந்த வெறுமையை லாராவெல் பூஜ்யமாக்கித் தந்துவிடுகிறது. எங்கும் எதுவும் உடையாமல், பணத் தொகை மட்டும் பொய்யாகக் காட்டப்படுவதால்தான் இந்தத் தவறு எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: தேதி, கடை, நிலை ஆகிய வடிகட்டிகள் அனைத்தையும் முதலில் குவெரியில் போட்டுவிட்டு, பேஜினேட் செய்வதற்கு முன்பே அதை க்ளோன் செய்து (நகலெடுத்து), அந்த நகலிலிருந்து மொத்தத்தை எடுக்க வேண்டும். குவெரியில் பில்லோடு பொருள் வரிசைகள் ஜாயின் செய்யப்பட்டிருந்தால் (வேறு அட்டவணையிலிருந்து இணைக்கப்பட்டிருந்தால்), மூன்று பொருள்கள் உள்ள பில்லின் தொகை மூன்று முறை கூட்டப்படும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனை நிரலில் நாற்பது பில்களையாவது உருவாக்கி, இரண்டாம் பக்கத்தைக் கேட்டு, மொத்தத்தைச் சரிபாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் கேட்கும் சோதனை இந்த இரண்டாவது தவறைப் பிடிக்காது.

ரிசோர்ஸ் கலெக்ஷனை இன்னொரு ஜேசனுக்குள் வைப்பது

வரிசைகளை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றித் தருவது ரிசோர்ஸ் கலெக்ஷன். 'பில்கள்' என்ற சாவியின் கீழ் அதையும், பக்கத்திலேயே 'நிலுவை'யையும் வைத்து ஜேசனாக (செயலிகள் தகவல் பரிமாறும் உரை வடிவம்) அனுப்பினால், பக்க இணைப்புகளைத் தரும் லிங்க்ஸும், பக்க எண், எண்ணிக்கை போன்றவற்றைத் தரும் மெட்டாவும் சத்தமில்லாமல் மறைந்துபோகும். ரிசோர்ஸ் கலெக்ஷன் தானே பதிலாகத் திரும்பும்போதுதான் அவை சேர்க்கப்படுகின்றன. கலெக்ஷனையே திருப்பி அனுப்பி, நம்முடைய தகவலை 'அடிஷனல்' மெத்தட் வழியாகக் கொடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

மெட்டாவுக்குள் 'டோட்டல்' என்றே பெயரிடுவது

அடிஷனல் வழியாக மெட்டாவுக்குள் நாம் அனுப்புவது, ஏற்கெனவே அங்கு இருப்பதன் மீது எழுதப்படுவதில்லை, அதோடு இணைக்கப்படுகிறது. வரிசைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் டோட்டல் அங்கே முன்பே இருக்கிறது. நாமும் அதே பெயரில் தொகையை அனுப்பினால், எண்ணிக்கையும் தொகையும் சேர்ந்து இரண்டு உறுப்புகள் கொண்ட ஓர் அரேயாக (பட்டியலாக) மாறி, எண்ணை எதிர்பார்த்திருக்கும் மொபைல் செயலி முறிந்துவிடும். 'நிலுவைத்தொகை' போன்று தனிப் பெயர் வைப்பதே நல்லது.

பேஜினேட்டருக்கு மேப் போடுவது

ஒவ்வொரு வரிசையையும் மாற்றியமைக்க மேப் மெத்தடை அழைத்தால் வெறும் கலெக்ஷனே திரும்பி வரும்; பக்க விவரம் போய்விடும். அதே வேலைக்குப் பேஜினேட்டரின் த்ரூ மெத்தடைப் பயன்படுத்துங்கள்.

வடிகட்டி இல்லாத அடுத்த பக்க இணைப்பு

இப்போதைய முகவரியில் உள்ள வடிகட்டிகளை இணைப்புகளிலும் சேர்க்கும் வித்குவெரிஸ்ட்ரிங் மெத்தடை அழைக்காவிட்டால், அடுத்த பக்கத்தின் இணைப்பில் பக்க எண் மட்டுமே இருக்கும். பயனர் மார்ச் மாதத்துப் பில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்; இரண்டாம் பக்கத்தில் எல்லா மாதமும் வந்து நிற்கும், மொத்தமும் அதற்கேற்ப மாறும்.

கடையின் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் அனுப்புவது

எல்லா வரிசைக்கும் பொதுவானது மெட்டாவுக்குப் போகட்டும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்தத்தைப் புதிதாகக் கணக்கிடுவது

சில ஆயிரம் வரிசைகள் வரை இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லட்சக்கணக்கில் போகும்போது, பட்டியலுக்கு ஓர் ஏபிஐ (செயலி தகவல் கேட்கும் முகவரி), மொத்தத்துக்கு வேறோர் ஏபிஐ என்று பிரித்துவிடுங்கள். வடிகட்டி மாறும்போது மட்டும் திரை இரண்டாவதை அழைத்தால் போதும். ஆனால் இரண்டிலும் வடிகட்டிகளைத் தனித்தனியாக எழுதாமல், மாடலில் (அட்டவணைக்கான வகுப்பில்) ஒரே ஸ்கோப்பாக, அதாவது பெயரிட்ட வடிகட்டித் தொகுப்பாக, எழுதி இரண்டு இடத்திலும் அதையே அழையுங்கள்.