மலையகக் குளிரில் நனைந்த நூலகப் புத்தகங்களைக் காயவைப்பது எப்படி?

புத்தகம் நனைந்தால் "ஜன்னலைத் திறந்து விடு, வெயிலில் பரப்பு" என்பார்கள். கொழும்புக்கு அது சரி. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த ஜன்னல் வழியே உள்ளே வருவது மூடுபனிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து ஓய்ந்த பிறகும் பதுளைப் பக்கம் பருவமழை விடுகிற காலமல்ல. இந்தக் குறிப்பு அந்த ஈரத்துக்காக எழுதியது.

1. உள்ளே போகுமுன்

முதலில் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள சரிவைப் பாருங்கள். புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உள்ளே போகவேண்டாம். சிவப்பு மண்சரிவு எச்சரிக்கை நடப்பில் இருந்தாலும் அப்படித்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். சரிவு பாதுகாப்பானது என்றால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, எதையும் தொடுமுன் ஒவ்வொரு தட்டையும் படம் எடுங்கள். பதிவேட்டிலிருந்து புத்தகத்தைக் கழிக்கும்போது நூலகத்தை நடத்தும் சபை அந்தப் படத்தைக் கேட்கலாம்.

2. முதல் 48 மணி நேரம்

பூஞ்சணம் பிடிக்க இரண்டு மூன்று நாள் போதும். எல்லாவற்றையும் காப்பாற்றப் போனால் ஒன்றும் மிஞ்சாது. நூல் பதிவேடு, ஊர் வரலாறு, பழைய பாடசாலை மலர்கள், தோட்டத்துப் பதிவுகள் போன்ற மறுபடி கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். கடையில் வாங்கக்கூடிய நாவல் கடைசி.

பேக்கரிக்காரரிடம் பாண் கூடை இரவல் கேளுங்கள். அடியில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையை விட நல்ல சாமான் இதற்கு இல்லை. முதுகுப்பக்கம் கீழே இருக்க, ஒரே வரிசையாக, நெருக்காமல் அடுக்குங்கள். உரப்பையில் அள்ளிப் போட்டால் மட்டை கழன்றுவிடும்.

சேறு படிந்ததைக் காயுமுன் கழுவவேண்டும். நான்கு பேசினில் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் எடுத்து, புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து ஒவ்வொன்றாக முக்கி எடுங்கள். தேய்த்தால் சேறு தாளுக்குள் இறங்கிவிடும். பேனா மையில் எழுதிய பதிவேட்டைக் கழுவவே கூடாது.

3. வழுவழுப்புத் தாள்: பலரும் தோற்கிற இடம்

படப் புத்தகம், சஞ்சிகை, அட்லஸ் எல்லாம் பூச்சுப் பூசிய தாள். அந்தப் பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பசையாகிறது. மூடியபடி ஒருமுறை காய்ந்தால் முழுப் புத்தகமும் ஒரே பலகைதான், பிறகு பிரிக்க வழியில்லை. அதனால் இவற்றைக் கையில் எடுக்கும்வரை சுத்தமான தண்ணீரிலேயே வையுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைக்க ஆள் இருந்தால் உடனே செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் பட்டர் பேப்பரில் சுற்றி, மைனஸ் 18 பாகை செல்சியஸோ அதற்குக் கீழோ ஓடுகிற பெட்டி ஃப்ரீசருக்குள் வைத்துவிடுங்கள். மீன் கடை, ஐஸ்கிரீம் கடைகளில் இருப்பது போதும். ஃப்ரீசர் காயவைக்காது, அவகாசம் மட்டும் தரும். பிறகு ஒரு தடவைக்கு ஐந்தாறு புத்தகமாக வெளியே எடுங்கள்.

4. காயவைத்தல்

தொப்பலாக நனைந்ததை விரிக்கவேண்டாம், தாள் கிழியும். முதலில் தலைகீழாக நிறுத்தித் தண்ணீரை வடியவிடுங்கள். கொஞ்சம் இறுகியதும் 20 பக்கத்துக்கு ஒருமுறை அச்சடிக்காத பத்திரிகைத் தாளை வையுங்கள். நிறையத் திணித்தால் முதுகு பிளந்துவிடும். வைக்கும் தாள் புத்தகத்தின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தாள் ஈரமானதும் மாற்றவேண்டும், முதல் நாளில் இரண்டு மூன்று தடவை. வெறும் ஈரப்பதமாக இருப்பவற்றை விசிறிபோல் விரித்து நிறுத்தினால் போதும்.

மின்விசிறியைப் புத்தகத்துக்கு நேரே திருப்பாமல் சுவரைப் பார்த்து வையுங்கள். காற்று அறைக்குள் சுழலட்டும். ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். 60 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது, 65ஐத் தாண்டினால் ஆபத்து. பனி விலகியிருக்கும் நேரத்தில் மட்டும் ஜன்னலைத் திறந்து, பிற்பகல் பனி இறங்குமுன் மூடிவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவல் கிடைத்தால் முதலில் வகையைப் பாருங்கள். கம்பிரசர் வகை 15 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, உள்ளே பனிக்கட்டி பிடிக்கும்; நுவரெலியா இரவுக்கு அது அவ்வளவு உதவாது.

காய்ந்துவிட்டதா? வெளித்தாள் ஏமாற்றும். நடுவில் திறந்து கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் முதுகுக்குள் ஈரம் இருக்கிறது. இதைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. தினமும் நிறுத்து மட்டையில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு நாள் எடை மாறாவிட்டால் தட்டில் வைக்கலாம். அவசரப்பட்டு அடுக்கினால் ஒரு கிழமையில் பூஞ்சணம் பக்கத்துப் புத்தகத்துக்கும் போய்விடும்.

5. கதவு திறப்பது

எல்லாம் காயும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நனையாத மேல்தட்டுப் புத்தகங்கள், நாளிதழ், கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றோடு கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டால் இரவல் கொடுக்கத் தொடங்கலாம். கணினி இல்லாவிட்டால் ஒரு கொப்பியில் பெயர், அட்டை இலக்கம், புத்தக இலக்கம் எழுதினால் போதும். போட்டோகொபி இயந்திரம் தப்பியிருந்தால் அதை முதலில் ஓடவிடுங்கள். நிவாரணப் படிவத்துக்குப் பிரதி எடுக்க வருகிற கூட்டம் புத்தகம் கேட்டு வருகிறவர்களை விடப் பெரிது.

பிற்சேர்க்கை

வேப்பிலை, கற்பூரம் வைத்தால் பூஞ்சணம் சாகாது. ப்ளீச் தாளையே தின்றுவிடும். பூஞ்சணம் பிடித்ததை N95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு, தனியாக வைத்து, நன்றாகக் காய்ந்தபின் வெளியில் வைத்து மென்தூரிகையால் துடையுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் காயவைக்கலாமா என்றால், தேயிலை உலர்த்தும் இயந்திரத்தில் கூடவே கூடாது, சூட்டில் தாள் நொறுங்கும். கொழுந்து வாட்டும் மாடியின் காற்று நல்லதுதான். ஆனால் தேயிலை வாசனையை இழுக்கும், பூஞ்சணப் புத்தகத்தைத் தோட்டத்துரை உள்ளே விடமாட்டார்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நனைந்த பிறப்புச் சான்றிதழோடு வருவார்கள். லமினேட் செய்ததற்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உறையைப் பிய்க்கவேண்டாம். முதலில் இரு பக்கமும் படம் எடுத்து, பதிவிலக்கத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் புதிய பிரதி கேட்க அந்த இலக்கம்தான் தேவை.