யார்ட் சேல் போட்டு நாலு காசு பார்ப்பது எப்படி

ரொறன்ரோ பக்கம் மே மாதம் பிறந்துவிட்டால் தெருமுனைகளில் யார்ட் சேல் விளம்பர மட்டைகள் முளைக்கத் தொடங்கிவிடும். வீட்டில் பாவித்த சாமானை வாசலில் பரப்பி விற்பதுதான் யார்ட் சேல். உங்கள் பேஸ்மன்டும் கராஜும் நிரம்பிக் கிடக்கிறதென்றால், குடும்பமாக ஒரு சனிக்கிழமை இறங்கினால் கைச்செலவுக்கு நல்ல காசு பார்க்கலாம். ஆனால் ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிடுங்கள். வாசலுக்கு வந்த சாமான் எதுவும் திரும்ப வீட்டுக்குள் போகக்கூடாது. இந்த முடிவு இருந்தால்தான் விலை குறைக்க மனம் வரும். "நூற்றியிருபது டொலர் கொடுத்து வாங்கினது" என்று நினைத்துக்கொண்டே நின்றால் பின்னேரம் அதையே திரும்பத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டியதுதான்.

நாள் பார்க்கும்போது நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். விக்டோரியா தினம், கனடா தினம் என்றால் பாதிச் சனம் கொட்டேஜுக்குப் போய்விடும். மழை வந்தால் அடுத்த சனி என்று மட்டையிலேயே எழுதிவிடுங்கள். வருடத்துக்கு எத்தனை தரம் போடலாம், மட்டையை எங்கே கட்டலாம் என்பதெல்லாம் நகரத்துக்கு நகரம் மாறும், ரொறன்ரோவில் இருப்பவர்கள் நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துக் கேட்டால் சொல்வார்கள். பக்கத்து வீட்டாரையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வீடுகள் ஒரே நாளில் போட்டால் கார்க்காரர்கள் தாண்டிப் போகாமல் நிறுத்துவார்கள்.

இனிச் சாமான். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். திருத்த வேலைக் கருவிப் பெட்டி, ட்ரில், பிள்ளைகளின் சைக்கிள், லெகோ, ஸ்நோ ஷவல், தோட்டச் சாமான் எல்லாம் காலையிலேயே போய்விடும். பழைய பெரிய டிவியும் உடுப்பும் அவ்வளவாக நகராது, உடுப்பில் பிள்ளைகளுடையது மட்டும் பரவாயில்லை. இடியப்ப உரல், பெரிய அலுமினியச் சட்டி, கிரைண்டர் போன்றவற்றை ஒரு வாரம் முன்பே நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விடுங்கள். தெருவில் போகிற வேற்று மொழிக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது, தெரிந்த நம்மவர் நல்ல விலை தருவார்.

விற்கிற ஒவ்வொரு கைப்பையையும், கோட் பொக்கெட்டையும், சேலை மடிப்பையும் பிரித்துப் பாருங்கள். இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அம்மம்மாமார் தோட்டையும் சங்கிலியையும் துணியில் முடிந்து எங்கெல்லாம் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அரிசி டின், பழைய பவுடர் டப்பா, தலையணை உறைக்குள் உறை, எல்லாவற்றுக்குள்ளும் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேசைக்கு வரவேண்டும். பழைய போனையும் லப்டொப்பையும் முழுதாக அழித்துவிட்டே விற்கவேண்டும்.

சில சாமானை விற்கவே கூடாது. குழந்தையை உட்காரவைத்து உருட்டும் சில்லு வைத்த வோக்கர் கனடாவில் 2004 முதல் தடை, யார்ட் சேலுக்கும் அது பொருந்தும். பக்கம் இறக்கி ஏற்றுகிற பழைய குழந்தைக் கட்டிலுக்கும் 2016 கடைசியிலிருந்து அதே தடைதான். கார் சீட்டில் காலாவதித் திகதி அடித்திருக்கும், அது தாண்டியிருந்தால் சும்மாகூட யாருக்கும் கொடுக்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளை அதில் இருக்கப் போகிறது.

விலையை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள். விலை போடாத சாமானைப் பலர் கேட்கக் கூச்சப்பட்டு வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு டொலர், இரண்டு, ஐந்து, பத்து என்று முழுதாகப் போடுங்கள், சில்லறைத் தலையிடி இருக்காது. நல்ல நிலையில் உள்ளதற்குக் கடை விலையில் கால்வாசி கேட்கலாம், பெரும்பாலானவற்றுக்கு அதிலும் குறைவு. பேரம் பேசத்தான் வருவார்கள், எனவே பத்துக்கு விட நினைப்பதற்குப் பன்னிரண்டு போடுங்கள். முன்வரிசையில் "எதை எடுத்தாலும் ஒரு டொலர்" என்று ஒரு மேசை வையுங்கள். காரை மெதுவாக்கிப் பார்ப்பவரை இறங்க வைப்பது அந்த மேசைதான், இறங்கியவர் உள்ளே வந்து கதிரையையும் விலை கேட்பார். உங்கள் வீட்டில் பாவித்த பொருளை வாங்கிய விலைக்குக் கீழே விற்பதால் பொதுவாக வரிப் பிரச்சினையும் வராது.

வெள்ளி இரவே மேசைகளையும் சாமானையும் கராஜுக்குள் அடுக்கிவிடுங்கள். எட்டு மணிக்கு என்று போட்டால் ஏழுக்கே ஆள் வந்துவிடும், அதில் மறுவிற்பனைக்கு வாங்குகிறவர்களும் இருப்பார்கள், தங்கம், பழைய நாணயம், இசைத்தட்டு இருக்கிறதா என்று முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள், அன்றைய நல்ல விலை முதல் இரண்டு மணித்தியாலத்தில்தான் கிடைக்கும். ஐம்பது அறுபது டொலருக்கு ஒரு டொலர், இரண்டு டொலர் குற்றிகளும் ஐந்து டொலர் தாளும் மாற்றி இடுப்புப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். மேசையில் காசுப்பெட்டி வேண்டாம். ஈ-ட்ரான்ஸ்பரில், அதாவது வங்கி வழியாக இணையத்தில், காசு அனுப்புகிறேன் என்பவரிடம் காசு கணக்கில் விழுந்ததைப் பார்த்தபிறகே சாமானைக் கொடுங்கள்.

வேலையைப் பிரியுங்கள். ஒருவர் காசு, ஒருவர் பேரம், ஒருவர் மின்சாமானை வயர் நீட்டி இயக்கிக் காட்ட. பிள்ளைகள் தங்கள் விளையாட்டுச் சாமானைத் தாங்களே விற்கட்டும், குளிர்ந்த தண்ணிப் போத்தலும் ஜூஸும் வைத்துக்கொள்ளட்டும், அந்தக் காசு அவர்களுக்கே என்று சொல்லிப் பாருங்கள், யாரும் போன் தூக்கமாட்டார்கள். வீட்டு முன்கதவும் பின்கதவும் பூட்டியே இருக்கவேண்டும், டொய்லெட் கேட்டாலும் உள்ளே விடாதீர்கள்.

பதினொரு மணி தாண்டினால் சனம் குறையும். அப்போது எல்லாம் பாதி விலை. கடைசி அரைமணிக்கு ஒரு பை கொடுத்து, நிரம்புகிற அளவுக்கு இரண்டு டொலர் என்று விடுங்கள். மிஞ்சியதில் நல்லதை அன்றே காரில் ஏற்றி நன்கொடை எடுக்கிற கடையில் இறக்கிவிட்டு, வரும் வழியில் தெருமுனை மட்டைகளைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். விட்டால் நகரசபை தண்டம் போடலாம்.