சீட்டுக்கட்டை வைத்து மனதின் வேகத்தை அளப்பது எப்படி?

ஒரு சீட்டைப் பார்க்கிறோம், சிவப்பு என்று அறிகிறோம், எந்தப் பக்கம் போடுவது என்று முடிவெடுக்கிறோம், கை நகர்கிறது. மொத்த நேரத்தை ஸ்டாப்வாட்ச் காட்டிவிடும். நடுவிலுள்ள முடிவுக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனது? 1868-இல் டச்சு உடலியல் அறிஞர் டோண்டர்ஸ் காட்டிய வழி வெறும் கழித்தல் கணக்குதான்.

படி 1: ஜோக்கர்களை எடுத்துவிட்டு 52 சீட்டுகளையும் கலையுங்கள். முகம் தெரியப் பிடித்து, நிறத்தைப் பொருட்படுத்தாமல் இடம், வலம் என்று மாறி மாறிப் போடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். இது கைவேலைக்கான நேரம்.

படி 2: மறுபடி கலைத்து, சிவப்பை இடப்பக்கமும் கறுப்பை வலப்பக்கமும் போடுங்கள்.

படி 3: கழியுங்கள். ஒரு பேச்சுக்கு முதலாவது 28 நொடி, இரண்டாவது 41 என்றால் வித்தியாசம் 13. அதை 52-ஆல் வகுத்தால் சீட்டுக்கு 0.25 நொடி. நிறத்தை அறிந்து பக்கத்தைத் தேர்ந்தெடுக்க ஆன நேரம் இது.

இரண்டையும் ஐந்தைந்து முறை, வரிசையை மாற்றி மாற்றிச் செய்து, நடு மதிப்பை எடுங்கள். தவறாக விழுந்த சீட்டுகளையும் எண்ணுங்கள். அவசரத்தில் தப்புத் தப்பாகப் போட்ட சுற்று கணக்கில் சேராது.

அடுத்து நான்கு குவியலாகப் பிரித்துப் பார்க்க ஆசை வரும். நானும் செய்தேன், நான்கு குவியல் நேரத்திலிருந்து இரண்டு குவியல் நேரத்தைக் கழித்து, பெரிய எண் வந்ததே என்று மகிழ்ந்தேன். கை கூடுதல் தூரம் போனது அப்புறம்தான் உறைத்தது. நான்கிலிருந்து கழிக்க வேண்டியது, பார்க்காமல் நான்கு குவியலாகப் போட்ட நேரத்தை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கை ஒரு சீட்டைப் போடும்போதே கண் அடுத்த சீட்டைப் பார்த்துவிடும். அதனால் நமக்குக் கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரு கட்டத்தைச் சேர்த்தால் மற்றவை அப்படியே இருக்கும் என்பது என்ன நிச்சயம்? டோண்டர்ஸ் முறையின் மீது எழுந்த பெரிய ஆட்சேபமே இதுதான்.

1969-இல் அமெரிக்க உளவியலாளர் சால் ஸ்டெர்ன்பெர்க் வேறு வழி சொன்னார்: கட்டத்தை நீக்காதீர்கள், நீட்டிப் பாருங்கள்.

படி 4: குவியல்களுக்கு மேலே அடையாளமாக ஒரு சிவப்புச் சீட்டும் ஒரு கறுப்புச் சீட்டும் வையுங்கள். ஒரு சுற்று அடையாளப்படி பிரியுங்கள், ஒரு சுற்று நேர்மாறாக. இரண்டையும் நல்ல வெளிச்சத்திலும், நிறம் தெரியும் அளவு மங்கிய வெளிச்சத்திலும் செய்தால் நான்கு எண்கள் கிடைக்கும். மங்கல் இரண்டுக்கும் ஒரே அளவு, உதாரணமாக 4 நொடி, கூட்டினால், பார்ப்பதும் பக்கம் தேர்வதும் தனித்தனிக் கட்டங்கள் என்று கொள்ளலாம். மங்கல் நேர்மாறான சுற்றுக்கு மட்டும் 9 நொடி கூட்டினால், மங்கலும் நேர்மாறும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்றோடொன்று மோதுகின்றன.